வெற்றிக் கதைக்கு ஒரு வள்ளம்

"போனைப் படுக்கப் போட்டுப் பிடிளான்னா நட்டமாப் பிடிச்சுக்கிட்டு நிக்க..."

"நீங்க முதல்ல உங்க நிழலை எடுத்துக்கிட்டு அங்கன போங்க, வள்ளமே தெரியல..."

"நிழலை எங்களா எடுத்துக்கிட்டுப் போக? அது எங்கூடல்லா வருது!"

"பேசாதிய! நீங்க பேசுற சத்தமெல்லாம் உள்ள விழுது. விழுந்தா மறுபடியும் திருப்பி அனுப்புவாவ!"

"விழட்டும். வள்ளம் உடைஞ்சவன் சத்தங்கூடப் போடக் கூடாதாக்கும்!"

திரேஸ்புரம் கடற்கரையில் பேபியும் அவள் புருஷன் பவுலும் இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டு படம் எடுப்பது அது மூன்றாம் தடவை. இரண்டு பேருக்கும் நடுவில் 'பனிமய மாதா' என்று பெயர் எழுதிய பைபர் வள்ளம் ஒருச்சாய்ந்து கிடந்தது. கார்த்திகைப் புயலில் கயிறு அறுந்து, அலை தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களில் மோதி, வயிறு கிழிந்துவிட்டது. ஓர் ஆளின் தலை தாராளமாக நுழையும் ஓட்டை. நுழையும் என்பது அனுமானம் அல்ல. இரண்டாம் காணொளியில் பவுல் நுழைத்தே காட்டியிருந்தான்.

புயலில் வள்ளம் இழந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்காக அரசின் கரையோர வாழ்வொளி இயக்ககத்துக்குப் பன்னிரண்டு புது வள்ளங்கள் வந்து இறங்கிவிட்டன. இயக்ககத்தின் வளாகத்தில் வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவற்றின் நிழலில் அலுவலர்களின் ஸ்கூட்டர்கள் நின்றன. ஆள் பன்னிரண்டு, வள்ளம் பன்னிரண்டு. எடுத்துக் கொடுத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்று விவரம் தெரியாதவர்கள் நினைக்கக்கூடும். சேதத்தைப் பயனாளியே காணொளியாக எடுத்து, தொகுத்து, பதிவேற்ற வேண்டும் என்பது விதி. மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுக்கப்படாத வள்ளங்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்பதும் விதி.

பேபியின் முதல் காணொளி இப்படித் திரும்பி வந்தது: "செங்குத்தாக எடுக்கப்பட்டுள்ளது. கடல் செங்குத்தாக இருப்பதில்லை." இரண்டாவது: "பயனாளியின் தலை சேதத்தை மறைக்கிறது."

மூன்றாவதைப் பற்றிக் கேட்க அவளே நேரில் போனாள். காணொளிச் சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் சண்முகசுந்தரி டேப்லெட்டில் அதை ஓடவிட்டு, காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினார்.

"ஒரே காத்துச் சத்தமா இருக்கேம்மா."

"கடக்கரையில காத்து அடிக்கத்தானே செய்யும் மேடம்."

"அடிக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? வீடியோவுல அடிக்கக் கூடாது. காத்து இல்லாத இடமாப் பாத்து வள்ளத்தைக் கொண்டு போய் எடுங்க."

"உடைஞ்ச வள்ளத்தை எங்க மேடம் கொண்டு போக?"

"அது உங்க வசதிம்மா. கல்யாண மண்டபம் கிண்டபம் கிடைச்சாலும் சரிதான்."

சண்முகசுந்தரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது.

"மேடம், அந்த ஜன்னலைத் திறந்து இந்தப் பக்கமா எட்டிப் பாத்தியன்னா எங்க வள்ளம் தெரியும். மாதா பேரு நீல எழுத்துல இருக்கும். ஒரே ஒருக்கா..."

"ஜன்னல்ல ஜியோ டேக் கிடையாதும்மா" என்றார் சண்முகசுந்தரி. கேலியாக அல்ல. உண்மையான வருத்தத்தோடு.

எட்டுப் பேர் சேர்ந்து வள்ளத்தைத் தூக்கினார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் இரக்கப்பட்டுக் குடோனைத் திறந்துவிட்டார். காற்று இல்லை, நிழல் இல்லை, பவுலின் தலையும் இல்லை. குழல் விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை அத்தனை அழகாகத் தெரிந்தது. நான்கு நாளில் பதில் வந்தது: "பின்னணியில் கடல் காணப்படவில்லை. இது மீன்பிடி வள்ளம்தானா என்பது ஐயத்துக்குரியது."

எட்டுப் பேரும் மறுபடி வந்து தூக்கினார்கள்.

இதற்கிடையில் பவுல், தம்பி கிளாட்வினின் வள்ளத்தில் நண்டு வலைக்குப் போய்க்கொண்டிருந்தான். முப்பது வருஷம் சுக்கான் பிடித்த கை. தம்பி நல்லவன்தான். "அண்ணே, நீ சும்மா இரி, முன்னால உக்காரு" என்பான். சும்மா இருக்க வெட்கப்பட்டுப் பவுல் உள்ளே சேரும் தண்ணீரை இறைப்பான். தண்ணீர் இல்லாத நாளிலும் இறைப்பதுபோல் வாளியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. காணொளி எடுக்கும்போது மட்டும்தான் அவன் வாயைத் திறந்து சண்டை போட்டான். அதற்காகவாவது இன்னொரு தடவை எடுக்கலாம் என்று பேபிக்குத் தோன்றும்.

பிப்ரவரியில் இயக்ககம் இரங்கியது. வள்ளம் தரவில்லை, பயிற்சி தந்தது. 'கைக்குள் கேமரா, கரைக்குள் வளர்ச்சி' என்று பேனர் கட்டி, திரை போட்ட ஏசி மண்டபத்தில் ஒரு நாள் முகாம். பன்னிரண்டு குடும்பங்களும் கட்டாயம் வரவேண்டும். அன்றைக்கு மூன்று மாதத்தில் இல்லாதபடி வாளை மீன் கிடைத்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

இயக்ககத்தின் இணை இயக்குநர் மகாராஜன் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களே! முன்பெல்லாம் வள்ளம் உடைந்தால் என்ன நடந்தது? ஓர் அதிகாரி வருவார். பார்ப்பார். எழுதிக்கொள்வார். வள்ளம் கிடைத்துவிடும். எவ்வளவு இருண்ட காலம்! அந்த அதிகாரியைத் தவிர வேறு யாருமே உங்கள் கஷ்டத்தைப் பார்க்கவில்லையே! இன்றைக்கு உங்கள் கஷ்டத்தைச் சென்னையில் இருந்து பார்க்கலாம், டெல்லியில் இருந்து பார்க்கலாம். பார்ப்பவர்களுக்கு வசதியாக நீங்கள் கஷ்டப்பட வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்!"

கைதட்டல்.

"என்னைப் பற்றிச் சொல்கிறேன். இந்த இருக்கைக்கு வந்து நான்கு வருடம். ஒரு நாள்கூட நான் கடற்கரைக்குப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. போக வேண்டிய அவசியமே இல்லாதபடி கடற்கரையை என் மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன்!"

இந்த இடத்தில் கேமராவில் சார்ஜ் தீர்ந்தது. வேறு பேட்டரி போட்டபிறகு குத்துவிளக்கை ஊதி அணைத்து மறுபடி ஏற்றினார்கள். மகாராஜன் முதலிலிருந்து பேசினார். முதல் தடவை எந்த இடத்தில் தொண்டை கம்மியதோ, அதே இடத்தில் இரண்டாம் தடவையும் கம்மியது.

"ஏளா, இந்த ஆளுக்கு அழுகை நெசமா வருதா?" என்று பவுல் காதோரம் கேட்டான்.

"வந்தா நமக்கென்ன, வராட்டா நமக்கென்ன. பேசாம தட்டுங்க. தட்டலன்னா மூணாவது ஒருக்க ஏத்துவாவ."

அடுத்தது காட்சி ஆலோசகர் சிவப்பிரகாஷ். கருப்புச் சட்டை, கையில் போன் நடுங்காமல் இருக்க ஒரு கம்பு, இடுப்பில் மூன்று சின்னக் கேமராக்கள்.

"நீங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றீங்க. நேரா ஓட்டையைக் காட்டிடுறீங்க! ஓட்டையில ஒரு ஸ்டோரி வேண்டாமா? முதல்ல கடல். அப்புறம் உங்க முகம். அப்புறம் ஒரு குளோசப்ல கண்ணீர். வள்ளத்தைக் கட்டிப் பிடிச்சு அழணும், ஆனா கேமராவுக்கு முதுகு காட்டக் கூடாது. கடைசியிலதான் ஓட்டை. அண்ணே, நீங்க வாங்க. இதான் உங்க வள்ளம்னு வச்சுக்கோங்க."

அவர் ஒரு மேஜையைக் காட்டினார். பவுல் மேஜையைக் கட்டிப்பிடித்தான்.

"ஃபீல் பத்தல."

"மேசை நல்லாத்தானே சார் இருக்கு."

தொகுப்பு வகுப்பில் மட்டும் பேபி எல்லாரையும் முந்திவிட்டாள். போன் திரையில் படத் துண்டுகள் கருவாடு காயப்போட்டதுபோல் நீளமாகக் கிடந்தன. முப்பது வருஷமாக மீன் அரிந்து விற்கிறவளுக்கு அதற்குமேல் பாடம் தேவைப்படவில்லை. தலையை வெட்டினாள், வாலை வெட்டினாள், நடுவில் பவுல் திட்டுகிற இடத்தைக் குடலாக உருவி எறிந்தாள். "செவுளை மட்டும் எப்படி எடுக்க சார்?" என்று கேட்டாள். சிவப்பிரகாஷுக்குக் கேள்வி புரியவில்லை. அதற்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தார்.

ஐந்தாம் காணொளி ஏற்கப்பட்டது. கடல், முகம், கண்ணீர், ஓட்டை. கண்ணீருக்கு வெங்காயம் வாங்கி வைத்திருந்தாள். எடுக்கும்போது தேவைப்படவில்லை. சாயந்தரம் குழம்புக்கு ஆயிற்று.

"முன் வீடியோ ஓகே" என்றார் சண்முகசுந்தரி. "பின் வீடியோ எங்கம்மா?"

"பின்னுன்னா?"

"முன், பின் ரெண்டும் வேணும்லா. உதவி கிடைச்ச பிறகு சந்தோஷமாத் தொழிலுக்குப் போற மாதிரி ஒண்ணு. வெற்றிக் கதைன்னு பேரு. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஃபைல் மேல போகும்."

"வள்ளம் தந்தாத்தானே மேடம் தொழிலுக்குப் போக முடியும்?"

"ஃபைல் மேல போனாத்தானேம்மா வள்ளம் தர முடியும்?"

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது.

"மத்தவங்க என்ன செஞ்சாவ மேடம்?"

சண்முகசுந்தரி டேப்லெட்டைத் துடைத்தார். "நாலு பேரு குடுத்துட்டாங்க. ஒருத்தரு அவரு மச்சான் வள்ளத்துல போனாருன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒண்ணும் சொல்லல."

கிளாட்வின் வள்ளம் தர மறுக்கவில்லை. பெயர்தான் இடைஞ்சலாக இருந்தது. அவன் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் 'புனித அந்தோணியார்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"மதினி, வள்ளத்தை ஒரு நாள் முழுக்க வச்சுக்கிடுங்க. ஆனா அந்தோணியார் பேரை அழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்ச பேரு."

"யாருலே அழிக்கச் சொன்னா? சாக்கைப் போட்டு மூடிட்டு, மேல அட்டையில மாதா பேரை எழுதிக் கட்டிருவோம்."

"அந்தோணியாருக்கு மேல சாக்கா!"

"அப்பம் எதைப் போடச் சொல்லுத?"

"எதைப் போட்டாலும் மூடுறது மூடுறதுதானே மதினி. மூணு மாசம் நாங்க நண்டுக்குப் போகணும். அவரு கோவிச்சுக்கிட்டாருன்னா?"

கடைசியில் பேபி பூசைக்குப் போடுகிற தன் வெள்ளை முக்காட்டைக் கொண்டுவந்தாள். அதை நாலாக மடித்து, அந்தோணியாரின் பெயருக்கு மேல் பக்குவமாகக் கட்டினாள். "ரெண்டே நிமிசம் பொறுத்துக்கிடும் அந்தோணியாரே. காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவரு நீரு. எங்க வள்ளத்துக்காண்டி நீரு கொஞ்ச நேரம் காணாமப் போரும்" என்று வேண்டிக்கொண்டாள். அதன்மேல் பனிமய மாதா அட்டை ஏறியது. பக்கத்தில் அவர்களின் பதிவு எண்ணைச் சுண்ணாம்பில் எழுதினார்கள்.

பவுல் வள்ளத்தில் ஏறிச் சுக்கானைப் பிடித்தான். பேபி கரையில் நின்று எடுத்தாள். இஞ்சின் கிளம்பியது. அவன் சிரித்தான். சிரிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தவள், அதை மறந்து போனைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு நிமிஷத்துக்குப் போனவன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிளாட்வின் கரையில் உட்கார்ந்து பீடி குடித்தான். எங்கே என்று கேட்கவில்லை.

பத்தாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: "வாழ்த்துகள்! உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவு பெற்றது."

வள்ளத்துக்குப் போட மாலையும், அணியத்தில் ஏற்ற மெழுகுவர்த்தியும் வாங்கி, இழுத்துவர ஒரு லோடு வண்டியும் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் இயக்ககத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை மகாராஜனே உள்ளே கூப்பிட்டார். அவர் டேப்லெட்டில் பவுல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அற்புதம்மா! இந்த வருடத்தின் சிறந்த வெற்றிக் கதை உங்களுடையதுதான். சென்னையில் பார்த்துவிட்டு அசந்துபோய்விட்டார்கள்."

"சந்தோசம் சார். வள்ளத்தை எப்பம் எடுத்துக்கிட்டுப் போக?"

"எந்த வள்ளம்?"

"வெளிய கெடக்குல்லா சார், பன்னிரண்டு. அதுல எங்களுக்கு ஒண்ணு."

மகாராஜன் திரையைத் திருப்பிக் காட்டினார். "உங்களிடம்தான் வள்ளம் இருக்கிறதே. ஓடுகிறது. இஞ்சின் சத்தம்கூடச் சுத்தமாக இருக்கிறது. உங்கள் பெயர், உங்கள் எண். கோரிக்கை நிறைவடைந்துவிட்டது."

"சார், அது என் தம்பி வள்ளம்" என்றான் பவுல்.



"யோசித்துப் பேசுங்கள் பவுல்" என்றார் மகாராஜன், மிகுந்த கனிவோடு. "அது உங்கள் வள்ளம் என்றால் நீங்கள் வெற்றிக் கதை. உங்கள் வள்ளம் இல்லை என்றால் அரசை ஏமாற்றிய வழக்கு. எதை விரும்புகிறீர்களோ, அதை நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நான் யாரையும் வற்புறுத்துகிறவன் இல்லை."

"நீங்கதானே சார் பின் வீடியோ கேட்டிய!" என்றாள் பேபி.

"கேட்டோம். உண்மையாக இருக்கும் என்று நம்பிக் கேட்டோம்."

வாசலுக்கு வந்ததும் லோடு வண்டிக்காரன், "என்ன அண்ணாச்சி, எந்த வள்ளம்?" என்று கேட்டான். பவுல் மாலையை அவன் வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டு நடந்தான்.

விழா மார்ச் முப்பதாம் தேதி. கவிழ்ந்து கிடந்த பன்னிரண்டு வள்ளங்களையும் நிமிர்த்திக் கழுவி, பலூன் கட்டியிருந்தார்கள். ஒன்றை மட்டும் டிரெய்லரில் ஏற்றி மேடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். சென்னையிலிருந்து இயக்ககத்தின் செயலர் காணொளி வழியாகப் பார்க்கிறார். பெரிய டேப்லெட் ஒன்றை ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். அதில் செயலரும் இன்னும் ஒன்பது அதிகாரிகளும் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள்.

பவுல் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். "வாங்க, மார்ச்சு இன்னும் முடியல" என்று மட்டும் சொல்லி அவனை அழைத்து வந்திருந்தாள் பேபி.

"நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க" என்றார் சிவப்பிரகாஷ். "அண்ணே, சுக்கானைப் பிடிங்க. அக்கா, கடலைப் பாருங்க. கடல் அந்தத் தண்ணி டேங்க் பக்கம்னு வச்சுக்கோங்க. யாருப்பா அங்க, ஹோஸ் பைப்பைத் திறந்து சாரல் விடு!"

சாரல் அடித்தது. வள்ளம் புதுப் பெயின்ட் வாசனையோடு இருந்தது. பவுல் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தான். நல்ல கனமான சத்தம் வந்தது.

மகாராஜன் டேப்லெட்டைப் பார்த்து வணங்கிவிட்டுத் தொடங்கினார்.

"மாண்புமிகு செயலர் அவர்களே! பன்னிரண்டு கோரிக்கைகள். பன்னிரண்டும் நிறைவு. நூறு சதவீத மகிழ்ச்சி! மற்ற மாவட்டங்கள் வள்ளங்களைக் கொடுத்து இந்த இலக்கை எட்டின. நாம் ஒரே ஒரு வள்ளத்தைக்கூடச் செலவழிக்காமல் எட்டியிருக்கிறோம். பாருங்கள், பன்னிரண்டும் ஒரு கீறல் இல்லாமல், கடல் தண்ணீர் படாமல் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன!"

கட்டங்களுக்குள் கைகள் தட்டின. செயலர் ஏதோ சொன்னார். ஒலியை அவர் அணைத்து வைத்திருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் ஒரு கோப்பையை எடுத்துத் தேநீர் குடிக்கத் தொடங்கினார்.

"சூப்பர்க்கா. முடிஞ்சுது, இறங்கிருங்க" என்றார் சிவப்பிரகாஷ்.

பவுல் ஒரு காலை வெளியே வைத்தான். பேபி அவன் வேட்டியைப் பிடித்தாள்.

"உக்காருங்க."

"ஏளா, முடிஞ்சுட்டுன்னு சொல்லுதாவளே."

"அவுகளுக்கு முடிஞ்சிருக்கும். உக்காருங்க."

பவுல் மனைவியைப் பார்த்தான். வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தான். சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மகாராஜன் சிரித்த முகத்தோடு டிரெய்லர் அருகே வந்தார். உதடு அசையாமல் பேசினார்.

"ஏம்மா, நாளைக்கு இதையெல்லாம் லாரியில ஏத்தணும். இறங்கு."

"சேர்ந்தே ஏத்துங்க சார். நாங்க இதுலதான் இருப்போம்."

"போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க."

"சிவப்பிரகாஷ், முதல்ல லைவை நிறுத்துங்க."

சிவப்பிரகாஷ் டேப்லெட்டுக்குப் போய்விட்டுக் கையைப் பிசைந்துகொண்டு திரும்பினார். மேலிடம் துண்டிக்கும்வரை கீழிடம் துண்டிக்கக் கூடாது என்பது இயக்ககத்தில் எழுதப்படாத, ஆனால் இதுவரை யாரும் மீறாத ஒரே சட்டம். "எப்படி சார்... செயலர் இன்னும் லைன்ல இருக்காரே."

செயலர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தார். மற்ற ஒன்பது கட்டங்களும் குனிந்தன. ஹோஸ் பைப்பை யாரும் மூடவில்லை. சாரல் மகாராஜனின் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இறங்கச் சொல்லுங்க சார்" என்றாள் பேபி. "எங்கிட்டச் சொல்லாதிய. கேமராவைப் பாத்துச் சத்தமாச் சொல்லுங்க."